கண்டிஷனாலிட்டி: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே, வணக்கம்.

ஏழை நாடுகளுக்கு உதவியோ கடனோ கொடுப்பவர்கள், உன் கொள்கையை இப்படி மாற்று என்று சேர்த்துக் கட்டுவதைத்தான் ஆங்கிலத்தில் கண்டிஷனாலிட்டி என்கிறார்கள். அதை எதிர்த்து நாம் போடும் துண்டறிக்கையை முக்கால்வாசி தமிழாக்கிவிட்டேன், இந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது. போன வாரம் ஒருவர் ‘நிபந்தனைத்தன்மை’ என்று எழுதியிருந்தார். எனக்கு ஒட்டவில்லை. இது ஒரு பொருளின் தன்மை இல்லையே, கொடுப்பவன் வாங்குபவனுக்குச் செய்கிற வேலை. வெறும் ‘நிபந்தனை’யும் போதாது. வாங்கிய பணத்துக்குக் கணக்குக் காட்டு என்பதும் நிபந்தனைதான், அதை நாம் எதிர்க்கவில்லை. பிரிட்டன் 2005 மார்ச்சில் தன் உதவிக் கொள்கையை மாற்றியபோது இதைத்தான் பிரித்தது: பணம் களவு போகாமல் பார்ப்போம், ஆனால் தனியார்மயமாக்கு, சந்தையைத் திற என்று திணிக்க மாட்டோம் என்றது.

எங்கள் குடியாத்தத்துத் தறி வழக்கிலிருந்து சொல்கிறேன். அப்பா ஒரு முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தார், அது தீரும்வரை அவர் கொடுக்கிற பாவு நூலைத்தான் நெய்ய வேண்டும், வேறு ஆளிடம் போக முடியாது. அது டைடு எய்ட், அதாவது கொடுத்தவனிடமே வாங்கு என்று கட்டிப்போடும் உதவி; ‘கட்டு உதவி’ என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே முதலாளி, பையன் படிப்பை நிறுத்து, வீட்டுக் கிணற்றை என் மச்சானுக்குக் குத்தகைக்கு விடு என்று கேட்டிருந்தால்? அதுதான் நாம் பேசுகிற விஷயம். தான்சானியாவுக்கு அதுதான் நடந்தது. கடன் தள்ளுபடி வேண்டுமானால் தார் எஸ் சலாம் நகரத்துக் குடிநீரைத் தனியாரிடம் கொடு என்று உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் (ஐ.எம்.எஃப்.) சொல்லின. 2003-ல் கம்பெனி வந்தது, 2005 மே மாதம் அரசே ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. பாலாற்றில் மணலை மட்டும் பார்த்து வளர்ந்த நமக்கு ஒரு குடம் தண்ணீர் அடுத்தவன் கைக்குப் போவது என்னவென்று யாரும் விளக்க வேண்டாம்.

குடுமி அவன் கையில் என்கிறோமே, அந்தப் பிடி சொல்லில் தெரிய வேண்டும். ‘கொள்கைப்பிடி’ எப்படி?

*

தம்பி, தறிக் கதை அருமை, சொல் தேறாது. ‘கொள்கைப்பிடிப்பு’ என்று மேடைக்கு மேடை பாராட்டுகிற ஊர் இது. ‘உலக வங்கியின் கொள்கைப்பிடியை எதிர்ப்போம்’ என்று வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டில் நின்று நோட்டீஸ் கொடுத்தால், ஏன் எதிர்க்கணும், நல்ல விஷயம்தானே என்று கேட்பார்கள்.

அப்புறம், நிபந்தனையை அவ்வளவு சீக்கிரம் தள்ளாதீர்கள். கல்வெட்டில் வரும் ‘நிவந்தம்’ இதற்குச் சொந்தக்காரச் சொல்தான், கோயில் செலவுக்கு விட்ட கொடை. 96 ஆடு விட்டால் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய வேண்டும் என்பார்கள். நிபந்தனை விளக்கோடு நின்றது, ஆட்டை வாங்கியவன் நிலத்தில் என்ன பயிர் வைக்க வேண்டும் என்று கொடுத்தவன் சொல்லவில்லை. ஆகவே தகராறு நிபந்தனையில் இல்லை, அது எதன்மேல் போடப்படுகிறது என்பதில்தான். ‘கொள்கை நிபந்தனை’ என்று நேராகச் சொல்லுங்கள். மற்றதற்குக் ‘கணக்கு நிபந்தனை’. 1991-ல் நம் நாட்டுக்கே பன்னாட்டு நிதியம் கடனோடு கொள்கை நிபந்தனையையும் கொடுத்தது, படிப்பவர் சட்டென்று பிடித்துக்கொள்வார்.

*

சரி அண்ணே, பிடியை விட்டேன். துண்டறிக்கையில் ‘கொள்கை நிபந்தனை’ என்றே போடுகிறேன். தலைப்பில் மட்டும் அந்தக் குடுமி இருக்கட்டுமா?