பழைய மின்சார கார் தேடிய மூன்று மாதம்: நீடாமங்கலம் அனுபவம்

நீடாமங்கலத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். மன்னார்குடி, கும்பகோணம், தஞ்சாவூர் என்று தினம் எழுபது எண்பது கிலோமீட்டர் ஓட்டம். டீசல் வண்டி பதினோரு வருடம் உழைத்துவிட்டது. புது மின்சார காருக்குக் கையில் பணம் போதாது என்பதால், செகண்ட்ஹேண்டில் பார்க்கலாம் என்று 2025 ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு தேட ஆரம்பித்தேன். தீபாவளி கழித்துத்தான் வண்டி வாசலுக்கு வந்தது. நடுவில் எட்டு வண்டி பார்த்தேன். அதில் மூன்றை மட்டும் எழுதுகிறேன். மற்ற ஐந்தும் பார்த்த அன்றே வேண்டாம் என்று திரும்பியவை.

முதல் வண்டி திருச்சியில் ஒரு பழைய கார் கடையில். விலை 7 லட்சம் சொன்னார்கள். வண்டி பரவாயில்லை. பேசி முடிக்கும் நேரத்தில், "ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி சார், கவர்ன்மென்ட் ரூல்" என்று 1,26,000 ரூபாயைச் சேர்த்து எழுதினார் அங்கிருந்த தம்பி. எனக்குத் தலை சுற்றியது. வீட்டுக்கு வந்து எங்கள் கடைக் கணக்கு பார்க்கும் ஆடிட்டரைக் கேட்டேன். 2024 டிசம்பரில் ஜெய்சல்மரில் நடந்த ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் பழைய மின்சார வாகனத்துக்கான வரியை 12-லிருந்து 18 சதவீதமாக ஆக்கியது உண்மைதான். ஆனால் அது வியாபாரியின் லாபத்துக்கு மட்டும். அவர் 6.40 லட்சத்துக்கு வாங்கி 7 லட்சத்துக்கு விற்றால், நடுவில் இருக்கும் 60,000 ரூபாய்க்குத்தான் வரி. அது 10,800 ரூபாய். தனி ஆள் தன் சொந்த வண்டியை இன்னொரு தனி ஆளுக்கு விற்றால் அந்த வரியே கிடையாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனை பேர் லட்ச ரூபாயை எண்ணிக் கொடுத்திருப்பார்களோ என்று நினைத்தால் எனக்கு இன்னமும் ஆறவில்லை. மறுநாள் அந்தக் கடைத் தம்பிக்கு போன் போட்டு இதைச் சொன்னேன். "பாத்துட்டு கூப்பிடறேன் சார்" என்றார். கூப்பிடவில்லை.

இரண்டாவது வண்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கும்பகோணத்தில் ஒரு தரகர் காட்டியது. சென்னைப் பதிவு, பெரிய பேட்டரி, விலை 4.5 லட்சம். "அண்ணே, டாக்டர் வச்சிருந்த வண்டி. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் ஓடிருக்கு" என்றார். கிலோமீட்டர் 21,000. வெளியே ஒரு கீறல் இல்லை. அதே மாடல் மற்ற இடங்களில் ஏழு, எட்டு லட்சம் போகும்போது இது மட்டும் ஏன் இந்த விலை?

கதவைத் திறந்ததும் வாசனைத் திரவிய நெடி மூக்கில் ஏறியது. என்னுடன் வந்த மைத்துனர் ஆட்டோ எலக்ட்ரீஷியன். அவர் முதலில் செய்தது ஓட்டுநர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்தது. சாதாரணமாக நாம் இழுக்கும் நீளத்துக்கு மேல், எப்போதும் சுருளுக்குள்ளேயே இருக்கும் பகுதியில், குறுக்கே காவி நிறக் கறை. நம் வீட்டுச் சுவரில் வெள்ளம் வடிந்த பிறகு நிற்கும் கோடு போலவே இருந்தது. அப்புறம் டிக்கியில் பாயைத் தூக்கினார். மூலையில் வண்டல் காய்ந்து மாவாக ஒட்டியிருந்தது. சீட் நகரும் தண்டவாளத்தில் துரு. டாஷ்போர்டுக்கு அடியில் திருகாணித் தலைகளில் துரு. மைத்துனர் என்னைத் தனியே அழைத்து, "2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப தண்ணியில நின்ன வண்டி மாதிரி இருக்கு மாப்ளே" என்றார்.

தரகரிடம் கேட்டேன். அவர் வேறொரு விவரம் சொன்னார்: இந்தப் பேட்டரி ஐபி 67 தரம், தண்ணீர் புகாது, கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கிறது. அது பொய்யில்லை. ஆனால் ஐபி 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். மிக்ஜாமில் சென்னையின் தாழ்வான பகுதிகளில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றதே? அதுவும் சாக்கடை கலந்த தண்ணீர். பேட்டரிப் பெட்டி தப்பித்தாலும் ஒயர் இணைப்புகள், சார்ஜர், கம்ப்யூட்டர் எல்லாம் அந்தத் தண்ணீரில் ஊறியவைதானே? இன்று ஓடும். நாளைக்கு அரிப்பு வேலையைக் காட்டும்.

இன்சூரன்ஸ் பழைய பாலிசி நகலைக் கேட்டேன். பாலிசி எண் இருந்தால் அந்த வண்டிக்கு என்ன கிளைம் வாங்கினார்கள் என்று விசாரிக்கலாம். நகல் வரவே இல்லை. டெல்டாவில் இருக்கிற நமக்கு வெள்ளத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனாலும் விலையைப் பார்த்ததும் மனது இளகத்தான் செய்கிறது. அந்த வண்டியை வேறு யாராவது வாங்கியிருப்பார்கள் என்ற கவலை எனக்கு இருக்கிறது. கும்பகோணம் பக்கம் யாராவது சமீபத்தில் மலிவாக எடுத்திருந்தால் தயவுசெய்து சீட் பெல்ட்டை இழுத்துப் பாருங்கள். ஆரஞ்சு நிற ஒயரை மட்டும் நீங்களாகத் தொடாதீர்கள். அதில் ஓடுவது உயர் மின்னழுத்தம்.

மூன்றாவது, நான் வாங்கிய வண்டி. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருடையது. 24 யூனிட் மின்சாரம் பிடிக்கும் பேட்டரி, சின்ன கார், 38,000 கிலோமீட்டர். 2023 மார்ச்சில் எடுத்திருக்கிறார். அந்த மாதம் 31-ஆம் தேதிக்குள் கடன் அனுமதியானால் வட்டியில் வருடத்துக்கு 1.5 லட்சம் வரை வருமான வரிக் கழிவு கிடைக்கும் என்பதால் அவசரமாக எடுத்ததாகச் சொன்னார். 12 லட்சத்துக்கு வாங்கியது. முதலில் 7.25 கேட்டார்.

இந்த இடத்தில் விலை ஏன் இப்படி இறங்குகிறது என்று சொல்லிவிடுகிறேன். பழைய வண்டியின் விலையைப் புது வண்டியின் விலைதான் பிடித்து இழுக்கிறது. 2024 பிப்ரவரியில் பேட்டரி செல் விலை இறங்கியதைச் சொல்லி, டாடா நிறுவனம் தன் மின்சார கார்களில் (இவி) நெக்ஸான் இவிக்கு 1.2 லட்சம் வரையும் டியாகோ இவிக்கு 70,000 வரையும் குறைத்தது. புதிது இறங்கினால் பழையதும் இறங்க வேண்டியதுதான். அடுத்து, நான் தேடிக்கொண்டிருந்தபோதே 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம் ஆனது. மின்சார காருக்கு முன்பே 5 சதவீதம்தான், அதில் மாற்றமில்லை. பெட்ரோல் வண்டி மலிவானதும் பழைய இவியைக் கேட்டு வந்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள் என்று இரண்டு தரகர்கள் என்னிடம் சொன்னார்கள்.

சரி, வண்டிக்கு வருகிறேன். எங்கள் தாத்தா மாடு வாங்கப் போனால் கொம்பையும் திமிலையும் பார்ப்பதற்கு முன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். இந்த வண்டியில் பல் என்பது பேட்டரி. வருடமும் கிலோமீட்டரும் அதற்கு அடுத்துத்தான். சர்வீஸ் சென்டரில் பேட்டரியின் ஆரோக்கியத்தைக் கணினியில் பார்த்துச் சொல்வார்கள். அது போக நானே ஒன்று செய்தேன். சாரிடம் அனுமதி கேட்டு, 100 சதவீதம் ஏற்றிய வண்டியைத் தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு ஓட்டிப் போய்த் திரும்பினேன். அவரும் கூடவே வந்தார். 115 கிலோமீட்டர், கொஞ்ச நேரம் ஏசி, வேகம் அறுபது எழுபது. திரும்பியபோது 41 சதவீதம் மிச்சம். போகும் வழியில் ஒரு ஃபாஸ்ட் சார்ஜரில் ஒரு நிமிடம் செருகி, அது ஏற்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன்.

பிறகு அவர் வீட்டுப் பிளக்கில் நான் கொண்டுபோன சப் மீட்டரை மாட்டி மறுபடி 100 வரை ஏற்றினோம். மீட்டர் காட்டியது 15 யூனிட். வீட்டில் ஏற்றும்போது பத்துப் பன்னிரண்டு சதவீதம் வழியிலேயே வீணாகும். அதைக் கழித்தால் 13.2. அது 59 சதவீதத்துக்கு என்றால் முழுசுக்கு 22.4. புதிதாக இருந்தபோது 24. ஆக, 93 சதவீதம் மிச்சம் இருக்கிறது. துல்லியமான கணக்கு என்று சொல்ல மாட்டேன், ஆனால் 75 சதவீத வண்டியை 93 என்று நம்பி ஏமாறாமல் இருக்க இது போதும். ஏறுவதற்கு ஐந்து மணி நேரம் ஆனது. அதுவரை சார் வீட்டில் சாப்பாடு, அவர் பள்ளிக்கூடக் கதைகள். "தம்பி, இவ்வளவு கணக்குப் பாத்து வாங்குற ஆளுகிட்ட வண்டி போனா நல்லா இருக்கும்" என்று சொல்லி 6.60-க்குக் கொடுத்தார்.

பேப்பர் விஷயத்தில் ஒரு சிக்கல். கடனை அடைத்துவிட்டார், ஆனால் ஆர்சியில் (பதிவுச் சான்றில்) வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. கடன் முடிந்தது என்பதற்கான படிவம் 35-ஐ வங்கியில் வாங்கிக் கொடுத்து அதை நீக்கிய பிறகுதான் 29, 30 படிவங்களோடு பெயர் மாற்றம். மூன்று வாரம் போனது. பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி. இரண்டாவது உரிமையாளருக்கு அது வருகிறதா என்பதை கம்பெனியில் எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கொடுத்தேன். இப்போது வரும் சில கார்களுக்கு 'வாழ்நாள் வாரண்டி' என்கிறார்கள். எம்ஜி விண்ட்ஸரில் அது முதல் உரிமையாளருக்கு மட்டும், அடுத்தவருக்கு 8 வருடம்தான்.

வீட்டில் முதல் வாரம் வண்டி சார்ஜ் ஏறவில்லை. எர்த் சரியில்லை என்று சார்ஜரில் சிவப்பு விளக்கு. குழியைத் தோண்டி கரியும் உப்பும் போட்டு, குழாய் வைத்துத் தண்ணீர் ஊற்றிய பிறகு சரியானது. மாலையில் எங்கள் தெருவில் வோல்டேஜ் 180-க்குக் கீழே போகும், அதனால் இரவு பதினொன்றுக்கு மேல்தான் போடுகிறேன். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்கு முந்தைய யூனிட்களின் விலையும் சேர்ந்து ஏறும் என்பதையும் கணக்கில் வையுங்கள். என் ஓட்டத்துக்குக் கார் மட்டுமே அந்த அளவுக்குக் கிட்ட வந்துவிடுகிறது. வயலில் இருக்கும் இலவச மின்சார இணைப்பில் போடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அது பயிருக்குக் கொடுத்தது. வேண்டாம்.

இதைப் படித்த மூன்று பேர் எழுதியதும், கடைசியில் என் பதிலும்:

மயிலாடுதுறையிலிருந்து:

அண்ணா, விற்பவர்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் செப்டம்பரில் விற்றேன். பெட்ரோல் கார் வரி குறைந்த வாரத்தில், பேசி முடித்திருந்த ஒருவர் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார். வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வி: "பேட்டரி போனா என்னம்மா செய்யறது?" பதில் சொல்லிச் சொல்லி அலுத்து, சர்வீஸ் சென்டரில் பேட்டரி ரிப்போர்ட்டை பேப்பரில் வாங்கி வைத்தேன். அதைக் காட்டிய பிறகு அந்தக் கேள்வியே நின்றுவிட்டது. முதலில் 40,000 குறைத்துக் கேட்டிருந்த சிதம்பரத்துக்காரர் நான் சொன்ன விலைக்கே எடுத்தார். விற்கிறவர்கள் முதல் வேலையாக அதை வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று. காரின் செயலி என் போனிலேயே இருந்தது. வண்டி கொடுத்துப் பத்து நாள் கழித்துத் திறந்தால், வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது என்று காட்டுகிறது. பதறிப்போய் அன்றே கணக்கை நீக்கினேன். வாங்குபவர்கள், பழைய உரிமையாளரின் கணக்கை உங்கள் கண் முன்னால் நீக்கச் சொல்லுங்கள். சார்ஜர் ஒயரையும் இரண்டு சாவியையும் கேட்டு வாங்குங்கள்.

வேளாங்கண்ணியிலிருந்து:

வாடகைக்கு ஓட்ட பழைய இவி எடுத்தவன் நான். கடற்கரை ஊர் வண்டி என்றால் அடிப்பகுதியையும் பிரேக் டிஸ்க்கையும் படுத்துப் பாருங்கள். இவியில் ஆக்சிலேட்டரை விட்டாலே வேகம் குறைவதால் பிரேக் அதிகம் உழைக்காது, உப்புக்காற்றில் துரு ஏறிவிடும். வாங்கிய நாலாம் மாதம் திருநள்ளாற்றில் ஒரு சனிக்கிழமை வண்டி கதவையே திறக்கவில்லை. பெரிய பேட்டரியில் 70 சதவீதம் இருக்கிறது, ஆனால் சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்துவிட்டது. அது இல்லாமல் இந்த வண்டி விழிக்காது. பயணிகளை வேறு வண்டியில் ஏற்றிவிட்டு மெக்கானிக்குக்காக வெயிலில் நின்றேன். வாங்கும்போதே அதன் வயதைக் கேட்டு, மூன்று வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

பட்டுக்கோட்டையிலிருந்து:

2018-இல் கஜா அடித்தபோது எங்கள் ஊரில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. தென்னை எல்லாம் ரோட்டில் கிடந்தது. வீட்டில் ஒரே வண்டிதான் வைக்க முடியும் என்றால் இவியை நம்பி இருக்கலாமா? அந்த சப் மீட்டர் எங்கே கிடைக்கும்?

நீடாமங்கலத்திலிருந்து:

புயல் என்றால் இரண்டு மூன்று நாள் முன்னாலேயே எச்சரிக்கை வந்துவிடுகிறது, அப்போதே 100 வரை ஏற்றி மேடான இடத்தில் நிறுத்திவிடலாம். எனக்கு அது 190 கிலோமீட்டர். தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ போய் ஏற்றிக்கொண்டு வரலாம். ஆனால் கஜா மாதிரி ஒன்று வந்து பெரிய ஊர்களிலும் கரண்ட் போனால் அந்த 190-தான் கணக்கு. என் வீட்டில் பெட்ரோல் ஸ்கூட்டர் ஒன்று இருக்கிறது, அந்தத் தைரியத்தில்தான் டீசல் வண்டியை விற்றேன். வயதான பெற்றோர் வீட்டில் இருந்து, ஒரே வண்டிதான் என்றால், உங்கள் பக்கத்தில் நான் அவசரப்பட்டு வாங்கச் சொல்ல மாட்டேன்.

சப் மீட்டர் எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும். 16 ஆம்பியர் பிளக்கோடு பெட்டியில் பொருத்தித் தரச் சொல்லுங்கள். ஒரு தடவைக்காக வாங்க வேண்டாம் என்றால் என்னுடையது கடையில் சும்மாதான் இருக்கிறது. ஞாயிறு மட்டும் லீவு, மற்ற நாளில் வந்து எடுத்துப் போங்கள்.