முழங்கைக்குக் கீழ கை போயிருக்கு, நரம்பு சிக்னல்ல ஓடுற செயற்கைக் கை சரிப்படுமா?

புதுவயல்காரி:
வணக்கம். என் தம்பி ஆத்தங்குடில டைல்ஸ் பட்டறைல வேலை பாத்தவன், பைக் ஆக்ஸிடென்ட்ல வலது கை முழங்கைக்குக் கீழ எடுத்துட்டாங்க, தையல் எல்லாம் பிரிச்சாச்சு. யூட்யூப்ல நெனச்சா விரல் மடங்குற கை பாத்துட்டு அதுதான் வேணும்ங்கிறான். நரம்பையும் ஒயரையும் சேக்க மறுபடி ஆபரேஷன் பண்ணுவாங்களா? பழையபடி அச்சு புடிச்சு கலர் ஊத்த முடியுமா? இல்லாத விரல் வலிக்குதுன்னு ராத்திரி தூங்கவும் மாட்டேங்குறான்.

சாக்கெட்பட்டறை:
அக்கா, பெரும்பாலும் ஆபரேஷன் வேண்டியதில்ல. விரலை மடக்குற முக்கியமான தசை எல்லாம் முன்கையிலதான் இருக்கு. இடது கையால வலது முன்கையைப் புடிச்சுக்கிட்டு விரலை ஒவ்வொண்ணா மடக்கிப் பாருங்க, உள்ள நெளியும். தம்பிக்கு அதுல மிச்சம் இருக்கும். மூளை "மூடு"ன்னா அந்தத் தகவல் நரம்பு வழியா இன்னமும் அங்க வருது, தசை இறுகுது, அப்ப தோல் மேல மில்லிவோல்ட்டுக்கும் கம்மியா ஒரு மின்சாரம் வரும், சாக்கெட் (மிச்சக் கையை நுழைக்கிற கூடு) உள்பக்கம் தோலைத் தொட்டுக்கிட்டு இருக்குற எலெக்ட்ரோட்ங்கிற சின்ன உலோகத் தகடு அதை எடுத்துப் பெருசாக்கி மோட்டாரை ஓட்டும். உள்ளங்கைப் பக்கத் தசை இறுகினா மூடும், புறங்கைப் பக்கம்னா திறக்கும், அவ்வளவுதான். வீடியோ மாதிரி ஒவ்வொரு விரலும் தனியா ஆடும்னு நம்பிப் போகாதீங்க.

தோள் வரைக்கும் போனவங்களுக்குத்தான் நரம்பை மாத்தி வைக்கிற ஆபரேஷன் பெரிய வரம். 2002ல சிகாகோல டாக்டர் டாட் குய்க்கன் குழு ரெண்டு கையும் இழந்த ஒருத்தருக்கு கை நரம்புகளை நெஞ்சுத் தசைக்குத் திருப்பி விட்டாங்க, அவர் கையை மூட நெனச்சா நெஞ்சுத் தசை இறுகி செயற்கைக் கை மூடுச்சு.

விரல் வலி நெசமான வலி, கை எடுத்த பலருக்கும் வர்றதுதான். நல்ல கையைக் கண்ணாடி முன்னால வச்சு, அதுல தெரியுறதை இல்லாத கையா நெனச்சு செய்யிற பயிற்சி சிலருக்குக் கேக்கும், டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லச் சொல்லுங்க.

தேவகோட்டையான்:
தங்கச்சி, நான் மயோ கை, அதான் இந்தத் தசை சிக்னல்ல ஓடுற கை போட்டிருக்கேன், மளிகைக் கடை கணக்கு பாக்க நல்லா ஒத்து வருது. ஆனா தொட்டா தெரியாது, டம்ளரைப் பாத்துக்கிட்டேதான் புடிக்கணும். சித்திரை வெயில்ல உள்ள வேர்த்து எலெக்ட்ரோட் சரியா ஒட்டாம நாம சொல்லாமலே திறந்துக்கும். டைல்ஸ் வேலைல கண்ணாடி மேல அச்சு வச்சு கலர் ஊத்தி அலுங்காம தூக்கணும், கையெல்லாம் சிமெண்ட் தண்ணி, அது மோட்டாருக்கு எமன். பட்டறைக்கு தோள்ல வார் மாட்டி இழுக்குற கேபிள் கொக்கிதான் என் ஓட்டு. கேபிள் இழுபடுறதுல எவ்வளவு இறுக்கிப் புடிச்சிருக்கோம்னு தோள்லயே தெரியும், விலையும் ரொம்பக் கம்மி.

புதுவயல்காரி:
ரொம்ப நன்றிண்ணே. அவனை மடக்கிப் பாருடான்னேன், முழங்கைக்குக் கீழ துடிக்கிறது கண்ணாலயே தெரியுது!! இப்பவே அளவு குடுத்துறலாமா?

சாக்கெட்பட்டறை:
அவசரப்படாதீங்க அக்கா. வீக்கம் வத்தி ஸ்டம்ப் (வெட்டினது போக மிச்சமிருக்குற கை) ஒரு அளவுல நிக்கணும், அதுவரைக்கும் டாக்டர் சொல்ற மாதிரி பேண்டேஜ் சுத்துங்க, இப்ப அளவெடுத்தா சாக்கெட் லூஸாயிடும், எலெக்ட்ரோட் தோலை விட்டு வெலகிரும். அதுக்குள்ள இல்லாத கையை மெதுவா மூடித் திறக்கிற மாதிரி தெனமும் பழகட்டும், ஒரு தசை இறுகும்போது இன்னொண்ணு சும்மா இருக்கணும், அதுதான் கஷ்டம். சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு ஆஸ்பத்திரில எலெக்ட்ரோட் ஒட்டி சிக்னல் பாக்க முடியுமான்னு கேளுங்க, பட்டறை வேலையையும் சொல்லுங்க. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு சிவகங்கைல இப்பவே எழுதிக் குடுத்துருங்க.