கர்வாலோவா, கார்வால்ஹோவா?

அண்ணன்: ஞாயிறு ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையின் பெயரோடு நம் குடும்பப் பெயரையும் இன்று மாலைக்குள் கோவிலில் எழுதிக் கொடுக்க வேண்டும். கர்வாலோவா, கார்வால்ஹோவா? என் ஆதாரில் ஒன்று, தாத்தா பத்திரத்தில் இன்னொன்று.

மதினி: அது வேண்டுமா என்றே யோசிக்கிறேன். பெரியவனைப் பள்ளியில் எந்த நாடு என்று கேட்கிறார்கள்.

சின்ன அத்தை: கட்டாயம் வேண்டும்

பெரியப்பா: எல்லாரும் பொறுமையாகப் படியுங்கள். இது போர்த்துகீசியச் சொல். ஓக் மரம் என்று பொருள். அந்த மொழியில் எல்லுக்குப் பின் எச் வந்தால் ‘ல்ய’ என்று ஒலிக்கும். கடைசி ஓ, உகரம் மாதிரி கேட்கும். கர்வால்யு. ‘ஹோ’ என்பது ஆங்கில எழுத்தைப் பார்த்து எவரோ எழுதியது.

சித்தப்பா: அப்போ நாம் போர்த்துகீசியரா அண்ணே?

பெரியப்பா: இல்லையப்பா. முத்துச் சலாபத்துக்காக, அதாவது முத்துக் குளிக்கும் இடங்களுக்காக, நடந்த சண்டையில் நம் ஆட்களுக்குப் போர்த்துகீசியரின் பாதுகாப்பு தேவைப்பட்டது. 1535 முதல் 1537 வரை முத்துக்குளித்துறைப் பரதவர் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஞானத்தகப்பனாக நின்றவரின் பெயரைப் பலர் எடுத்துக்கொண்டார்கள். ரத்தம் இந்தக் கடற்கரை ரத்தம்தான்.

சின்ன அத்தை: சவேரியார் வைத்த பெயர் என்று அம்மா சொல்வார்களே

பெரியப்பா: சவேரியார் வந்தது 1542இல். அதற்கு முன்பே ஞானஸ்நானம் கொடுத்தாயிற்று. ஜெபங்களைத் தமிழில் சொல்லிக் கொடுத்தது அவர்.

தம்பி: மாமா வீட்டு மச்சாடோ?

பெரியப்பா: கோடாரி. பெரைரா பேரி மரம். ரோச்சா பாறை.

மாமா: ஓக் மரத்தைக் கோடாரிக்குக் கட்டி வைத்திருக்கிறீர்கள் 😄

பெரியம்மா: 32 வருடமாகியும் மரம் அப்படியேதான் நிற்கிறது

மாமா: மக்ரூன் எத்தனை கிலோ சொல்ல?

சின்ன அத்தை: பத்திரம் என்றதும் ஞாபகம் வருகிறது. அதில் என் பெயர் எந்த எழுத்திலும் இல்லை.

பெரியப்பா: அதை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசுவோம் தங்கச்சி.

சின்ன அத்தை: எந்த ஞாயிறு?

சித்தப்பா: 🙏

பெரியப்பா: தாத்தா கல்லறையில் கர்வாலோ என்றுதான் இருக்கிறது. அப்படியே எழுது. நம் வாய்க்குப் பழகியதும் அதுதான். இத்தனை தலைமுறை சுமந்து வந்ததை நம் கையில் விடக்கூடாது.

மதினி: சரி பெரிய மாமா, பெயர் இருக்கட்டும். எந்த நாடு என்று கேட்டால் இந்தக் கதையையே சொல்லச் சொல்கிறேன். ஆனால் அந்த ‘ஹோ’ வேண்டவே வேண்டாம்.

அண்ணன்: தமிழில் கர்வாலோ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆங்கிலத்தில் எச் உண்டா என்று கேட்கிறார்கள்.

பெரியப்பா: உண்டு. எடுத்தால் மரம் போய்விடும்.

அண்ணன்: ஆதாரில் எச் இல்லையே பெரியப்பா

மாமா: மக்ரூன்?