ஸ்லைடர் கீபோர்டு போன்: கையில் எடுத்துப் பார்த்தபோது எந்த இடத்தில் மாட்டியது?

(திரையை நகர்த்தினால் அடியில் கீபோர்டு வெளிவரும் பழைய போன்களை வாங்குவதற்கு முன் எதைச் சோதிப்பது என்று பலர் எழுதியவை. ஒவ்வொன்றின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

பாதித்திறப்பு

மூடியிருந்தபோது திரை சுத்தம். முழுக்கத் திறந்தபோதும் சுத்தம். நடுவில், சரியாக ஒரு விரற்கடை திறந்த இடத்தில், வெள்ளைத் திரை முழுக்க ஊதாச் சாயம் ஏறி நின்றது. இரண்டு மில்லிமீட்டர் தள்ளினால் மறுபடி வெள்ளை. 2010 வாக்கில் வந்த ஸ்லைடர், வெளியே ஒரு கீறல்கூடக் கிடையாது. விற்பனைப் படங்களில் எப்போதும் இரண்டே நிலைதான் இருக்கும், மூடியது ஒன்று, திறந்தது ஒன்று. மூன்றாவது நிலையை யாரும் காட்டமாட்டார்கள்.

காரணம் தெரிந்ததுதான். மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் இணைக்கும் ஃப்ளெக்ஸ் ஸ்ட்ரிப் (செப்புத் தடங்கள் பதித்த, வளையும் மெல்லிய பட்டை) உள்ளே வளைந்து கிடக்கிறது. திறக்கத் திறக்க அந்த வளைவு ஸ்ட்ரிப்பின் மேல் நகர்ந்துகொண்டே போகும். செப்புத் தடம் பல்லாயிரம் தடவை வளைந்து இறுகி, ஒரு இடத்தில் மயிரிழை விரிசல் விடும். வளைவு அந்த இடத்துக்கு வரும்போது விரிசல் வாய் திறக்கும், தாண்டிப் போனதும் ஒட்டிக்கொள்ளும்.

அதனால் பார்க்கிற முறை இது: பிரகாசத்தை உச்சத்தில் வைத்து, முழு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டு, மூடிய நிலையிலிருந்து முழுத் திறப்புக்கு 10 நொடி எடுத்துக்கொண்டு மெதுவாகத் தள்ளுங்கள். பிறகு சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக. அடுத்து படம் வரையும் செயலி ஒன்றில் விரலை எடுக்காமல் கோடு போட்டுக்கொண்டே திறங்கள். கோடு அறுந்தால் தொடுதிரைத் தடம் போயிருக்கிறது. காதில் வைத்துக் கேட்கும் ஒலிபெருக்கி, அண்மை உணரி (காதருகே வைத்ததும் திரையை அணைப்பது), முன்கேமரா மூன்றும் பெரும்பாலான மாடல்களில் அதே ஸ்ட்ரிப் வழியாகத்தான் வருகின்றன, அவற்றையும் பாதித் திறப்பில் சோதிக்க வேண்டும். கடைசியாக ஒரு காணொளியை 15 நிமிடம் ஓடவிட்டு, போன் சூடானபின் எல்லாம் இன்னொரு தடவை. குளிர்ந்திருக்கும்போது தேறியது சூட்டில் தவறலாம்.

ஒரு குறிப்பு: நிறம் மட்டும் மாறுவது பழைய இணைவழித் திரைகளில் (படத் தரவு பல தடங்களில் ஒரே நேரத்தில் போகும்). பின்னாளில் வந்த தொடர்வழித் திரைகளில் (சில தடங்களிலேயே ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்) ஒரு தடம் போனாலே படம் நடுங்கும், அல்லது மொத்தமாக அணையும்.

விசைப்பித்தன்

திரைக்கு இவ்வளவு. கீபோர்டை யார் பார்ப்பது? அதற்காகத்தானே இந்தப் போனையே தேடுகிறோம்!

மாட்டிய இடம்: முதல் வரிசையில் ஒரே எழுத்து, நடுவில் அழுத்தினால் ஒன்று விழுகிறது, இடது ஓரத்தில் அழுத்தினால் இரண்டு விழுகிறது. அடியில் இருக்கும் உலோக டோம் (அழுத்தினால் அமுங்கி இணைப்புத் தரும் குமிழ்த் தகடு) ஓரத்தில் களைத்துவிட்டது. நடுவில் மட்டும் தட்டிப் பார்ப்பவர் கண்ணில் இது படவே படாது. ஒவ்வொரு விசையையும் நாலு மூலையிலும் தட்டுங்கள். ஷிஃப்ட், எஃப்என் (Fn, குறியீடுகளுக்காகப் பிடிக்கும் விசை) இரண்டையும் தனியாக ஒருமுறை, இன்னொரு விசையோடு சேர்த்துப் பிடித்து ஒருமுறை.

ஒரே ஒரு விசை செத்திருந்தால் டோம் அல்லது அழுக்கு, சரிசெய்யலாம். ஒரு வரிசையோ, மேலிருந்து கீழாக ஒரு பத்தியோ மொத்தமாகச் செத்திருந்தால் அது தடமோ கனெக்டரோ. தண்ணீர் போன போனாக இருக்க வாய்ப்பு அதிகம். பேட்டரிக்கு அடியில் உள்ள ஈரக்குறி வெள்ளையாக இருக்கிறதா, சிவந்துவிட்டதா என்று உடனே பாருங்கள்.

கீபோர்டு விளக்கு எரியவில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். வெளிச்ச உணரி உள்ள போன்கள் நல்ல வெளிச்சத்தில் விளக்கைத் தாமாகவே அணைத்து வைக்கும். திரைக்கு மேலே இருக்கும் உணரியை விரலால் மூடினால் எரியும். அப்போதும் ஒரு மூலை மட்டும் இருட்டாக இருந்தால் ஒரு எல்இடி போயிருக்கிறது, பிழைப்புக்கு ஒன்றும் குறையில்லை.

பிளாக்பெரி பிரிவ் (2015) கையில் வந்தால் ஒன்று கூடுதல்: அதன் விசைகளே தொடு உணர்வு கொண்டவை. அழுத்தாமல் விசைகளின் மேல் விரலை வருடினால் பக்கம் நகர வேண்டும். எழுத்தெல்லாம் விழுந்து, வருடல் மட்டும் வேலை செய்யாமலும் போகலாம்.

மூலைக்கடை

நோக்கியா என்900. சார்ஜ் பின்னை மெல்லச் செருகியதும் ஜாக் உள்ளேயே ஒரு சாய் சாய்ந்தது. அவ்வளவுதான்.

அந்த மைக்ரோ யுஎஸ்பி ஜாக்கைப் பலகையில் பிடித்து வைத்திருப்பது மேற்பரப்பு ஈயம் மட்டுமே, துளை வழியாக இறங்கும் கால் கிடையாது. பெயர்ந்தால் பலகையிலுள்ள பட்டையையும் பிய்த்துக்கொண்டு வரும். வாங்குவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள், உலோகக் கூடு நேராக உட்கார்ந்திருக்க வேண்டும். சார்ஜ் ஏறினால் மட்டும் போதாது, கணினியில் செருகித் தரவும் போகிறதா பாருங்கள். ஜாக் போயிருந்தாலும் அதன் பிஎல்-5ஜே பேட்டரியைக் கழற்றி வெளியே சார்ஜ் செய்து ஓட்டலாம்.

அலைவரிசை

மேலே எழுதியவர்கள் வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். ஸ்ட்ரிப்பும் டோமும் அப்புறம். முதலில் அது போனாக வேலை செய்யுமா?

கண்முன் நிற்கும் காட்சி: பொட்டலம் பிரித்ததுபோல இருக்கும் பழைய ஆண்ட்ராய்டு ஸ்லைடர், விற்றவர் நல்லெண்ணத்தில் ரீசெட் செய்து கொடுத்திருக்கிறார். முதல் அமைப்புத் திரையிலேயே கூகுள் கணக்கு கேட்டு நின்றுவிட்டது. ஆண்ட்ராய்டு 2.3.7, அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றிலும் கணக்கு நுழைவை கூகுள் 2021 செப்டம்பர் 27 அன்று நிறுத்திவிட்டது. 2008இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனான எச்டிசி டிரீமும் ஒரு ஸ்லைடர்தான். அந்தத் தலைமுறை முழுக்க இதில் அடங்கும். விற்பவரிடம் ரீசெட் செய்யாதீர்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஆண்ட்ராய்டு 5.1, அதற்கு மேல் என்றால் வேறு சிக்கல்: கணக்கை நீக்காமல் ரெக்கவரி (போனை அணைத்து விசைகளைப் பிடித்து நுழையும் பழுதுநீக்கும் திரை) வழியாக ரீசெட் செய்தால், பழைய கணக்கின் கடவுச்சொல் இல்லாமல் உள்ளே போக முடியாது.

அடுத்தது சான்றிதழ். 7.1.1க்கு முந்தைய ஆண்ட்ராய்டில் ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 வேர்ச் சான்று (இணையதளங்கள் உண்மையானவையா என்று சரிபார்க்கப் போனில் இருக்க வேண்டியது) கிடையாது, அதனால் ஏராளமான தளங்கள் எச்சரிக்கை காட்டி நிற்கும். பிளாக்பெரி பிரிவ் ஆண்ட்ராய்டு 6.0.1இல் நின்றுபோனது, அதுவும் இதில் சிக்கும். அந்தச் சான்றைக் கையால் நிறுவலாம், திரைப்பூட்டு வைக்கச் சொல்லிக் கேட்கும். 7க்கு முந்தைய பதிப்புகளில் செயலிகளும் அதை ஏற்றுக்கொள்ளும். அதற்கும் முன்னால் தேதியைப் பாருங்கள். தேதியைக் காக்கும் சிறு காப்பு மின்கலம் செத்த போன்கள் பேட்டரியைக் கழற்றியதும் பழைய ஆண்டுக்குப் போய்விடும், தேதி தவறினால் எந்தச் சான்றும் செல்லாது.

அழைப்பு விஷயம் சுருக்கமாக: 2011க்கு முந்தைய ஸ்லைடர்களில் 4ஜி அநேகமாக இல்லை. 4ஜி உள்ள பலவற்றில் வோல்ட்டி (4ஜியிலேயே பேசும் வசதி) இல்லை, அழைப்பு வந்ததும் 2ஜி அல்லது 3ஜிக்கு இறங்கும். அந்த அலைகளை உங்கள் தொலைபேசி நிறுவனம் அணைத்துவிட்டிருந்தால் வைஃபை கருவியாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். *#06# அடித்து ஐஎம்இஐ எண்ணை (போனின் அடையாள எண்) பின்பக்க ஒட்டுச்சீட்டோடு ஒப்பிடுங்கள், பலகை மாற்றியதா என்பதும் தெரிந்துவிடும்.

பாதித்திறப்பு

அலைவரிசை நண்பரே, வைஃபை கருவியாக வைத்துக்கொள்வதற்குத்தான் பாதிப்பேர் வாங்குகிறார்கள். சான்றிதழை ஒரு மாலையில் சரிசெய்யலாம். செத்த ஸ்ட்ரிப்புக்கு இன்னொரு போனை அறுக்க வேண்டும். எது முதலில் என்று நீங்களே சொல்லுங்கள்.

உப்பல்

சண்டை இருக்கட்டும். யாரும் பேட்டரி பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

காட்சி ஒரு வரி: 40 சதவீதம் காட்டிய போன், அழைப்பு இணைந்த அந்த நொடியில் அணைந்தது.

2ஜியில் பேசும்போது போன் துடிப்பு துடிப்பாக 2 ஆம்பியர் வரை இழுக்கும். கிழட்டு மின்கலத்தில் உள்தடை ஏறியிருக்கும், அந்தத் துடிப்பில் மின்னழுத்தம் சரிந்துவிடும். சதவீத எண்ணை நம்பாதீர்கள். முழு சார்ஜில் பேட்டரியைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள், 4.1 முதல் 4.2 வோல்ட் இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் சும்மா வைத்து மறுபடி அளந்தால், 4 வோல்ட்டுக்குக் கீழே தானாக இறங்கிய பேட்டரி உதவாது. நல்ல பேட்டரியைப் பலகை மேல் வைத்துச் சுண்டினால் சுற்றாது. சுற்றினால் வயிறு உப்பியிருக்கிறது. ஸ்லைடரில் உப்பல் இரட்டைக் கேடு, பின்மூடியைத் தூக்குவதோடு உள்ளிருந்து கீபோர்டுப் பலகையையும் நெம்பும். நெடுநாள் கிடந்து 2.5 வோல்ட்டுக்குக் கீழே போனதை உயிர்ப்பிக்க முயல வேண்டாம்.

மாற்று பேட்டரி வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். பிஎல்-5ஜே 1320 மில்லி ஆம்பியர் மணி, பின்னாளில் 1430. அதே அளவுக் கூட்டில் 2000க்கு மேல் அச்சிட்டிருந்தால் பொய். கூட்டல், கழித்தல் தவிர மூன்றாவதாக ஒரு முனை இருக்கிறதே, அதற்குப் பின்னால் அடையாள மின்தடை இருக்கிறது. போலிகளில் அது தப்பாக இருந்தால் பேட்டரி நன்றாக இருந்தும் போன் சார்ஜ் ஏற்க மறுக்கும். ஜாக்கைக் குறை சொல்லிப் பிரித்துப் போடுவார்கள்.

சுத்தம் செய்வது பற்றியும்: விசைகளில் துரு நீக்கும் எண்ணெய்த் தெளிப்பான் அடிக்கக் கூடாது. டோம் ஷீட்டின் பசை கரையும், டோம்கள் இடம் மாறும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், அதுவும் பஞ்சுக்குச்சியில் தொட்டு, பேட்டரியைக் கழற்றிய பிறகு.

தமிழ்99

இது வேறு மாதிரி மாட்டல். மூன்று வரிசை ஸ்லைடர், வன்பொருள் எல்லாம் தேறியது, தமிழ் உள்ளீடும் ஏற்றியாயிற்று. "நியாயச் செயல்" என்று அடிக்க உட்கார்ந்தால் முதல் எழுத்திலேயே விரல் நின்றது. தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் ந அரைப்புள்ளி விசையில், ய மேற்கோள் விசையில், ச, ஞ இரண்டும் சதுர அடைப்பு விசைகளில், ழ சாய்கோட்டில். மூன்று வரிசை கீபோர்டில் இவற்றில் பலவற்றுக்குத் தனி விசையே கிடையாது, எஃப்என் பிடித்து அடிக்க வேண்டும், அல்லது குறியீடே இருக்காது. நாலைந்து வரிசை உள்ளவற்றிலும் சதுர அடைப்பு அபூர்வம். தமிழில் நிறைய எழுதுபவர் விசைகளின் படத்தைப் பெரிதாக்கி இந்த ஐந்தையும் முதலில் தேடுங்கள். இல்லையென்றால் ஒலிபெயர்ப்பு முறைதான் கைகொடுக்கும். ஆண்ட்ராய்டு 2.x என்றால் எழுத்துருவே இல்லாமல் கட்டம் கட்டமாகத் தெரியும் சாத்தியமும் உண்டு.

விசைப்பித்தன்

உப்பல் சொன்ன எண்ணெய் விஷயம் நூற்றுக்கு நூறு. ஆனால் பஞ்சுக்குச்சி நூல் விடும், நுரைமுனைக் குச்சி நல்லது.

மூலைக்கடை

பாதித்திறப்புக்கு ஒரு கேள்வி. எச்டிசி டிசையர் ஸீயில் (Z) திரை சறுக்கும் தடம் கிடையாது, கீல்தானே? அதில் பாதியில் எப்படி நிறுத்துவது?

பாதித்திறப்பு

நிற்காது, கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். மேல்பாதி எழும்பி, தாண்டி, படியும். எழும்பி நிற்கும் உச்சியில் பிடித்து வெள்ளைப் படத்தைப் பாருங்கள். அதைவிட முக்கியம், மூடிய போனைத் திரை தரையைப் பார்க்கத் தலைகீழாகப் பிடியுங்கள். கீல் தளர்ந்திருந்தால் திரை தானாகத் தொங்கும். கீழே மெத்தை இருக்கட்டும்.