மச்சுல கெடந்த பன்னாங்குழி

குழு: மேலத்தெரு வளவு

கோமதி: 📷 படம்
கோமதி: மச்ச ஒதுங்க வைக்கையில என்ன கெடச்சிருக்குன்னு பாருங்க

பேச்சி சித்தி: எம்மா! ஆச்சி பன்னாங்குழிலா இது

கோமதி: ஆமா சித்தி. கீலுதான் துருப்பிடிச்சிப் போச்சி. உள்ள துணிமுடிச்சுல புளியமுத்து கெடக்கு. எண்ணுனேன், 68

முத்தண்ணன்: 70 இருக்கணும்லா. குழிக்கு அஞ்சு, 14 குழி

மதினி: எங்க ஊர்ல குழிக்கு ஆறு. 84

முத்தண்ணன்: உங்க ஊர்ல எல்லாமே கூடத்தான்

மதினி: ஆபீஸ் விட்டு வீட்டுக்குத்தான வரணும், வாங்க

சங்கர்: 😂😂
சங்கர்: கொறையுத ரெண்டு முத்தும் எங்க போச்சின்னு எனக்குத் தெரியும். கல்லுல சுடச்சுட உரசி எந்தொடையில வச்சது யாரு? அண்ணாச்சி பதில் சொல்லணும்

முத்தண்ணன்: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

கோமதி: நித்யா எப்பிடி ஆடணும்னு கேக்கா. யூடியூப்ல ஆளுக்கொரு மாரி சொல்லுதாவளாம்

பெரியம்மை: 🎤 3:12

கோமதி: பெரியம்மை வாய்ஸ கேக்க முடியாதவியளுக்கு டைப் பண்ணுதேன். "இந்தப் பக்கம் ஏழு ஒனக்கு, அந்தப் பக்கம் ஏழு எதுத்தாளுக்கு. ஒன் குழி ஒண்ண அள்ளி வலப்பக்கமா ஒண்ணொண்ணா போட்டுட்டே போ. கையில தீந்ததும் அடுத்த குழிய அள்ளு, திரும்பப் போடு. தீந்த எடத்துக்கு அடுத்த குழி வெறுசா இருந்தா அதத் தடவிட்டு, அதுக்கு அடுத்ததுல உள்ளது பூரா ஒனக்கு. அதுவும் வெறுசுன்னா ஒண்ணுங் கெடையாது, எந்திரி. நடுவுல எந்தக் குழியிலயாவது நாலு சேந்தா பசு. யாரு பக்கமோ அவ எடுத்துக்கிடணும். பராக்குப் பாத்து அஞ்சாவது முத்து விழுந்துட்டுன்னா பசு போச்சி. தோத்தவ கையில உள்ள முத்துக்கு எத்தன குழி நெறையுதோ அத்தனதான் அடுத்த ஆட்டத்துக்கு. மிச்சக் குழியில குச்சியப் போட்டு வச்சிரணும்."

பேச்சி சித்தி: குச்சி போட்ட குழியப் பாத்தாலே எனக்கு அழுக வரும்

முத்தண்ணன்: எனக்கு எப்பவும் மூணாவது குழிதான். கைராசி. மொத ஆட்டத்துல முத்து அள்ளாம இருந்ததே இல்ல

சங்கர்: தாயத்துலயும் ஒனக்குக் கைராசிதான். கட்டையக் கையில உருட்டாமலே வைப்ப, தாயம் விழும்

முத்தண்ணன்: வெட்டு வாங்கிட்டு மலை ஏறி உக்காந்தது யாரு? ஒரு காயாவது வெட்டாம பழத்துக்குப் போவ முடியாதுன்னு ராத்திரி பூரா அழுதவன்லா நீ

பேச்சி சித்தி: தாத்தாவுக்கு ஆடு புலிதான். கோயில் மண்டபத்துக் கல்லுல கீறியிருக்கும். மூணு புலி, பதினஞ்சு ஆடு. ஆடு பூரா எறக்குத வர ஒரு ஆட்டையும் நவுத்தக் கூடாது. தாத்தா ஆடு வச்சிக்கிட்டா புலி மூணும் அடைபட்டுக் கெடக்கும்

---

சங்கர்: யாராவது முழிச்சிருக்கியளா

கோமதி: மணி பதினொண்ணு. என்னல?

சங்கர்: மொட்டமாடியில சாக்பீஸால 14 வட்டம் போட்டு, கொண்டக்கடலைய அஞ்சஞ்சா வச்சிப் பாத்தேன். மொதக் குழியில ஆரம்பிச்சேன். 5, 5, 5, 6, 6ன்னு அஞ்சு தடவ அள்ளுதோம், பெறவு வெறுங்குழி. தடவுனா 7 முத்து. அடுத்து ரெண்டாவது குழியில ஆரம்பிச்சேன். அதே 7
சங்கர்: மூணாவது குழி, கைராசிக் குழி. 7
சங்கர்: ஏழு குழியும் பாத்தாச்சி. மொத ஆட்டத்துக்கு எங்க ஆரம்பிச்சாலும் 7தான். கூடவுங் கெடையாது கொறையவுங் கெடையாது

கோமதி: அதானா ஆச்சி எப்பவும் "நீயே மொதல்ல ஆடு ராசா, எந்தக் குழி வேணுமோ எடுத்துக்கோ"ன்னு சொல்லுவா 😳

சங்கர்: நாமளும் ஆச்சிக்கு எம்புட்டுப் பாசம்னு நெனச்சிக்கிட்டு இருந்தோம்

பெரியம்மை: இப்பத்தான் தெரியுதாக்கும்
பெரியம்மை: நீங்க மொதக் குழிய அள்ளும்போதே எங்கம்ம அவ பக்கத்துக் குழிய கண்ணால எண்ணிக்கிட்டு இருப்பா. வெத்தலையை மெல்லுதான்னுல்லா நெனச்சிய

மதினி: கைராசிக்காரரு மேல பாத்துக்கிட்டு இருக்காரு

முத்தண்ணன்: சரி சரி. ஆனித் தேருக்கு எல்லாரும் வாங்க. மதினி ஊர் கணக்குப்படி ஆறாறா வச்சி ஆடுவோம். அப்பப் பாப்போம் ராசிய

கோமதி: மாமா, நான் நித்யா. ஆறு வச்சாலும் ஆரம்பத்துல எல்லாக் குழியும் ஒண்ணு போலதான இருக்கும்?