நாயின் தைராய்டு மாத்திரையைச் சாதாரண மருந்துக்கடையில் வாங்க முடியுமா? கடைக்காரர் தர மறுக்கிறார்

திண்டுக்கல்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் லாப்ரடார் ராணிக்கு ஏழு வயது, எடை 30 கிலோ. சில மாதங்களாக எந்நேரமும் படுத்தே கிடந்தாள். சாப்பாட்டைக் கூட்டாமலே உடம்பு பெருத்தது. வால் முடி கொட்டி எலிவால் போல ஆகிவிட்டது. இரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு என்று தெரிந்து, மருத்துவர் தைராக்சின் தொடங்கினார். இப்போது எழுந்து வாசல் வரை வந்து எங்களை வரவேற்கிறாள். ஆயுள் முழுக்க மாத்திரை வேண்டும் என்கிறார்.

மாத்திரை இதுவரை அவருடைய கிளினிக்கிலேயே கிடைத்தது. கிளினிக் எங்கள் ஊரிலிருந்து தொலைவு. போன முறை கையிருப்பு இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதனால் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து எங்கள் தெரு மருந்துக்கடையில் கேட்டேன். சீட்டில் "ராணி, தைராக்சின் 0.6 மி.கி., இருவேளை" என்று மட்டும் இருக்கிறது. கடைக்காரர் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, "0.6 என்று தைராய்டு மாத்திரையே கிடையாது. இது 600 மைக்ரோகிராம் என்றால் பெரிய ஆளுக்கே இவ்வளவு எழுத மாட்டார்கள். நாய்ச் சீட்டுக்கு நான் மருந்து தர முடியாது, மனிதர்களைப் பார்க்கும் டாக்டரிடம் எழுதி வாங்கி வாருங்கள்" என்று சொல்லிவிட்டார். கையில் ஒரு வாரத்துக்குத்தான் மாத்திரை இருக்கிறது. சட்டப்படி தரக் கூடாதா? அளவு உண்மையிலேயே தவறா? பயமாக இருக்கிறது.

ஈரோடு மருந்தாளுநர்:
ஐயா, பயப்பட வேண்டாம். நான் மருந்துக்கடையில்தான் வேலை பார்க்கிறேன். முதலில் சட்டம். 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65ஆம் விதி சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும், மருத்துவர் கையெழுத்தும் தேதியும் வேண்டும், நோயாளியின் பெயரும் முகவரியும் வேண்டும். மருந்து விலங்குக்கு என்றால் அந்த விலங்கின் உரிமையாளருடைய பெயரும் முகவரியும் வேண்டும் என்று அதே விதியில் இருக்கிறது. விலங்குக்கான சீட்டு மருந்துக்கடைக்கு வரும் என்பதை எதிர்பார்த்தே விதியை எழுதியிருக்கிறார்கள். ஆகவே பதிவுபெற்ற கால்நடை மருத்துவர் முறையாக எழுதிய சீட்டுக்கு எங்கள் கடை மருந்து தருகிறது.

ஆனால் உங்கள் கடைக்காரர் தயங்கியதையும் நான் தவறு என்று சொல்ல மாட்டேன். சீட்டில் நாய் என்ற சொல் இல்லை, எடை இல்லை, உங்கள் பெயர் இல்லை, மொத்தம் எத்தனை மாத்திரை என்பதும் இல்லை. தைராக்சின் மாத்திரைகள் 25, 50, 75, 100, 150 என்று மைக்ரோகிராம் கணக்கில்தான் எங்கள் அலமாரியில் இருக்கின்றன. மில்லிகிராமில் எழுதினால் நாங்கள் ஆயிரத்தால் பெருக்க வேண்டும். 0.6 மில்லிகிராம் என்பது 600 மைக்ரோகிராம். மனிதர்களுக்குப் பெரும்பாலும் 50 முதல் 150 வரைதான் பார்த்திருக்கிறோம். "ராணி" என்ற பெயரில் நாளுக்கு 1200 என்று ஒரு சீட்டு வந்தால் எந்த மருந்தாளுநருக்கும் கை நடுங்கும். நானாக இருந்தால் கொடுக்கும் முன் மருத்துவருக்குத் தொலைபேசியில் பேசியிருப்பேன்.

மருத்துவரிடம் சீட்டை இப்படி மாற்றி எழுதித் தரச் சொல்லுங்கள்: நாய், லாப்ரடார், பெண், 30 கிலோ, உங்கள் பெயர், முகவரி, தைராக்சின் 150 மைக்ரோகிராம் மாத்திரை, காலை 4, இரவு 4, 30 நாளுக்கு மொத்தம் 240 மாத்திரை, அவருடைய கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் தொலைபேசி எண்ணும். "மைக்ரோகிராம்" என்பதை முழுச் சொல்லாக எழுதட்டும். சுருக்கி எழுதினால் கையெழுத்தில் மில்லிகிராம் போலத் தெரியும்.

இன்னொன்று முக்கியம். ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து தரலாம். திரும்பவும் தரலாம் என்று மருத்துவரே எழுதியிருந்தால் மட்டும் அத்தனை முறை தரலாம். ஆயுள் முழுக்க மருந்து என்பதால் எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் என்று குறிப்பிடச் சொல்லுங்கள். மாதாமாதம் அலைய வேண்டியதில்லை.

நாமக்கல் கால்நடை மருத்துவர்:
மேலே மருந்தாளுநர் சொன்னது சரி. அளவைப் பற்றி நான் சொல்கிறேன். நாய்க்கு வழக்கமான தொடக்க அளவு கிலோவுக்குச் சுமார் 20 மைக்ரோகிராம். 30 கிலோவுக்கு 600. உங்கள் மருத்துவர் எழுதியது பாடநூல் கணக்குதான். நாயின் குடல் இந்த மருந்தை மனிதக் குடல் அளவுக்கு உறிஞ்சுவதில்லை. உறிஞ்சியதும் உடம்பில் நிற்பதில்லை. மனித உடம்பில் தைராக்சின் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், நாயிடம் அது அரை நாள் கணக்கு. அதனால்தான் இவ்வளவு அதிகம், அதுவும் இருவேளை.

கடை மாறும்போது கம்பெனியும் மாறலாம். ஒரே கம்பெனியின் மாத்திரையைத் தொடர்ந்து கொடுங்கள். மாற்ற வேண்டி வந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, சில வாரங்கள் கழித்து இரத்தத்தில் அளவு பாருங்கள். மாத்திரை கொடுத்து நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் இரத்தம் எடுக்க வேண்டும். சாப்பாட்டோடு கொடுப்பதா, வெறும் வயிற்றில் கொடுப்பதா என்பதில் ஒரே முறையைக் கடைப்பிடியுங்கள். இன்று சோற்றில் வைத்து, நாளை வெறும் வயிற்றில் கொடுத்தால் உறிஞ்சும் அளவு மாறிவிடும். ராணி மெலிந்துகொண்டே போனாலோ, ஓயாமல் தண்ணீர் குடித்தாலோ, படுக்காமல் மூச்சிரைக்க அலைந்தாலோ அளவு கூடிவிட்டது என்று எண்ணி உடனே காட்டுங்கள்.

என்னிடம் வருபவர்கள் வெளியே வாங்கிக்கொள்கிறோம் என்றால் நான் மகிழ்ச்சியோடு சீட்டு எழுதித் தருகிறேன். மருத்துவரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

கரூர்க்காரன்:
இவ்வளவு சிரமம் எதற்கு அண்ணா? வீட்டில் அம்மாவுக்கு தைராய்டு என்று சொல்லி வாங்கிவிடுங்கள். எங்கள் பக்கத்தில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஈரோடு மருந்தாளுநர்:
தம்பி, தயவுசெய்து இந்த யோசனையை யாருக்கும் சொல்லாதீர்கள். அம்மாவின் பெயரில் 150 மைக்ரோகிராம், வேளைக்கு நாலு என்று ஒரு புட்டி வீட்டுக்குள் வந்தால், அது என்றாவது ஒரு நாள் அம்மாவின் மருந்துப் பெட்டியிலேயே போய்ச் சேரும். வயதானவர் அதை எடுத்து விழுங்கினால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும். உயிர் போகும் ஆபத்து. எங்கள் பதிவேட்டிலும் பொய்யான பெயர் ஏறும். நாளைக்கு அந்த அம்மாவுக்கு வேறு மருந்து கொடுக்கும்போது அந்தப் பொய்யை நம்பித்தான் நாங்கள் முடிவெடுப்போம்.

நாகர்கோவில் தாய்:
எங்கள் டாஷ்ஹண்டு நாய்க்கு வலிப்பு. பீனோபார்பிடோன், அதாவது கார்டினால் மாத்திரை. அது எல்லாக் கடையிலும் இருப்பதில்லை. கடைத்தெருவில் இல்லை என்ற மருந்து, நரம்பியல் மருத்துவர்கள் இருக்கும் மருத்துவமனையை ஒட்டிய கடையில் எப்போதும் இருக்கிறது. அசல் சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள், செல்போனில் படம் காட்டினால் போதாது. வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வரும் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். அதனால் கடைசி அட்டையைப் பிரிக்கும் முன்பே அடுத்ததை வாங்கி வைக்கிறோம். அண்ணா, நீங்களும் அடுத்த முறை ஒரு வாரம் வரை விடாதீர்கள். கடைக்காரரிடம் முன்கூட்டியே சொன்னால் வரவழைத்துத் தருகிறார்.

பூனைவீடு, தாம்பரம்:
இழையைப் படித்ததால் ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எங்கள் பூனைக்குச் சர்க்கரை நோய். கிளார்ஜின் இன்சுலினை மனிதர்களுக்கான கடையில்தான் வாங்குகிறோம். அது ஒரு மில்லிக்கு 100 யூனிட். ஆனால் நம் ஊர்க் கடைகளில் சாதாரண இன்சுலின் குப்பிகள் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்றும் வருகின்றன. இரண்டுக்கும் ஊசி வேறு. 40க்கு சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. கடையில் எது கைக்கு வந்ததோ அதைக் கொடுத்துவிடுவார்கள். 100 இன்சுலினைச் சிவப்பு மூடி ஊசியில் 2 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 5 யூனிட். நாலு கிலோ பூனை தாங்காது. மூடியின் நிறத்தைக் கடையிலேயே நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

திண்டுக்கல்வாசி:
எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மருத்துவரிடம் பேசினேன், புதிய சீட்டு எழுதித் தருகிறேன் என்றார். இரண்டு சந்தேகம். மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் போன்ற இடங்களில் மலிவாக வாங்கலாமா? ராணிக்கு மூட்டு வலியும் இருக்கிறது. அதற்கும் கடையில் மனித மாத்திரை வாங்கிக்கொள்ளலாமா?

நாமக்கல் கால்நடை மருத்துவர்:
முதல் கேள்விக்கு: தாராளமாகக் கேளுங்கள். உட்பொருளும் மைக்ரோகிராம் அளவும் சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும், அங்கே தொடங்கினால் அங்கேயே தொடருங்கள்.

இரண்டாவதற்கு: கூடவே கூடாது. வெளிக்கடையில் வாங்கலாம் என்று நாங்கள் சொல்வது, மருத்துவர் எழுதிய அதே மருந்தை. நோயைச் சொல்லிக் கடைக்காரரிடம் மருந்து கேட்பது வேறு. ஐபுபுரூபென், டைக்ளோபினாக் இரண்டும் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூனைக்குப் பாராசிட்டமால் ஒரு மாத்திரைகூட உயிரைப் பறிக்கும். மாத்திரைக்குப் பதில் சிரப் தருகிறேன் என்று கடையில் சொன்னாலும் வாங்காதீர்கள். சர்க்கரை சேர்க்காத சில சிரப்புகளில் சைலிடால் என்ற இனிப்பூட்டி இருக்கும், நாய்க்கு அது நஞ்சு. மூட்டு வலிக்கு ராணியை நேரில் காட்டுங்கள். தைராய்டு சரியாகி எடை இறங்கினாலே பாதி வலி குறையக்கூடும்.

உண்ணிக்கான மெல்லும் மாத்திரை போன்றவற்றை மனிதர்களுக்கான கடையில் தேடி அலையாதீர்கள். அவை கால்நடை மருந்துக்கடையில்தான் கிடைக்கும். அட்டையில் விலங்கின் தலை படமும், விலங்குகளுக்கு மட்டும் என்ற குறிப்பும் இருக்கும்.

திண்டுக்கல்வாசி:
புதிய சீட்டோடு அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து எடையையும் அளவையும் கேட்டு உறுதிசெய்துகொண்டு 240 மாத்திரை கொடுத்தார். "முன்பே இப்படி எழுதியிருந்தால் அன்றே தந்திருப்பேன்" என்றார். சீட்டில் மூன்று முறை வாங்கலாம் என்று இருக்கிறது. கடை முத்திரையையும் தேதியையும் சீட்டின் மேலேயே போட்டுவிட்டார். அடுத்த மாதம் வேறு கடையில் வாங்கினால் ஏற்பார்களா?

ஈரோடு மருந்தாளுநர்:
ஏற்பார்கள் ஐயா. முத்திரை போடுவது அதற்காகத்தான். எத்தனை முறை கொடுத்தாகிவிட்டது என்று அடுத்த கடைக்காரருக்குத் தெரிய வேண்டும். சீட்டின் அசலை மட்டும் யாரிடமும் விட்டுவிடாதீர்கள், நகல் ஒன்றை எடுத்து வையுங்கள். புட்டியின் மேல் "ராணி, நாய்" என்று பெரிதாக எழுதி ஒட்டி, வீட்டார் மருந்துகள் இல்லாத அலமாரியில், ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.