மறுமொழி: நெற்பாசனச் சொற்கள் – ‘காய்ச்சல் பாய்ச்சல்’ என்பதை ஏற்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

நிகரச் சுழிய உமிழ்வு, அதாவது வெளிவிடும் வெப்பமூட்டும் வாயுவையும் நீக்கும் அளவையும் சமமாக்குவது தொடர்பான சொற்பட்டியலில், நெல்வயலை நனையவும் உலரவும் விட்டுப் பாசனம் செய்யும் முறைக்கு ‘மாற்று ஈரமாக்கலும் உலர்த்தலும்’ என்று வரைவில் கொடுக்கப்பட்டுள்ளது. இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. மாற்று எரிபொருள், மாற்றுப் பயிர் என்னும் வழக்குகளில் ‘மாற்று’ என்பது ஒன்றுக்குப் பதிலாக வரும் இன்னொன்றையே குறிக்கிறது. எனவே ‘மாற்று ஈரமாக்கல்’ என்று படிப்பவர் வேறு ஏதோ புதிய பாசன முறை என்று எண்ணுவாரே தவிர, நீர் கட்டுவதும் காயவிடுவதும் அடுத்தடுத்து வருகின்றன என்பதை உணரமாட்டார்.

இந்தச் செயலுக்கு உழவரிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது. ‘காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்ட வேண்டும்’ என்பது வயலில் வழங்கும் பேச்சு. வேளாண் பரிந்துரைகளிலும் அது இடம்பெற்றிருக்கிறது. உம்மைகளை நீக்கி ‘காய்ச்சல் பாய்ச்சல்’ என்று தொகைச்சொல்லாக்கினால் ‘காய்ச்சல் பாய்ச்சல் பாசனம்’, ‘காய்ச்சல் பாய்ச்சல் வயல்’ என்று மேலும் சொற்களை எளிதாகக் கட்டலாம். காய்ச்சல் என்றால் நோய் நினைவுக்கு வரும் என்னும் தடையை நான் பெரிதாகக் கருதவில்லை. பாய்ச்சல் பக்கத்தில் நிற்கும்போது அந்தக் குழப்பம் எழ வழியில்லை. உலர்த்துவதற்கு ‘உணக்கல்’ என்னும் பரிந்துரை அழகானது, உழவைப் பற்றிய குறளில் ‘உணக்கின்’ என்று ஆளப்பட்ட பெருமையும் அதற்கு உண்டு. ஆனால் அங்கே பேசப்படுவது உழுத புழுதியைக் காயவிடுவது, நின்ற பயிரின் பாசனம் அன்று.

நீரைச் சிக்கனப்படுத்தப் பிறந்த பழைய சொல், நெல்வயலிலிருந்து எழும் வெப்பமூட்டும் வாயுவான மீத்தேனைக் குறைக்கும் முறைக்குப் போதுமா என்னும் கேள்வியே முக்கியமானது. தேங்கிய நீரின் கீழுள்ள மண்ணில் ஆக்சிசன் தீர்ந்துபோவதால், அங்கே வாழும் நுண்ணுயிரிகள் மட்கும் பொருளிலிருந்து மீத்தேனை உண்டாக்குகின்றன. அதில் பெரும்பகுதி நெற்பயிரின் உட்குழல்கள் வழியாகவே காற்றுக்கு வருகிறது. வயல் காயும்போது மண்ணுக்குள் காற்று புகுந்து அந்த ஆக்கத்தைத் தடுக்கிறது. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவின் 2019 ஆம் ஆண்டு வழிகாட்டியில், எப்போதும் நீர் நிற்கும் வயலின் மீத்தேன் 1 என்றால், ஒருமுறை வடித்த வயலுக்கு 0.71 என்றும், பலமுறை வடித்த வயலுக்கு 0.55 என்றும் காரணிகள் தரப்பட்டுள்ளன. ஆக, காய்ச்சலே இங்கே வேலை செய்கிறது. அதைப் பெயரிலேயே முதலில் வைத்திருக்கும் சொல்லை விடுவது இழப்பாகும். ‘நீர் மறைய நீர் கட்டுதல்’ என்பதை இதற்கு நிகராகப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம்: அங்கே நீர் மறைந்ததும் மீண்டும் பாய்ச்சிவிடுவதால் மண் காய்வதற்குப் போதிய இடைவெளி இல்லை.

ஒருமுறை மட்டும் வடிப்பதற்குத் தனிச்சொல் தேவை. சப்பானியர் அதை ‘நகபோஷி’ என்கிறார்கள். நடுவே உலர்த்துதல் என்பது அதன் பொருள். நாம் ‘இடைக்காய்ச்சல்’ எனலாம். அந்நாட்டில் இந்த இடைக்காய்ச்சலை வழக்கத்தைவிட ஏழு நாள் நீட்டிக்கும் உழவர்கள், விற்றுப் பணமாக்கக்கூடிய உமிழ்வுக் குறைப்புச் சான்று பெறுவதற்கு 2023 இல் வழி செய்யப்பட்டது. கணக்கும் பணமும் இப்படிச் சொல்லோடு பிணைந்துவிட்ட நிலையில், ஒருமுறை வடிப்பதையும் பலமுறை காயவிடுவதையும் ஒரே சொல்லால் குறிப்பது உழவருக்கே தீங்காக முடியும்.

உண்மையில் புதிதாக ஆக்க வேண்டிய சொல் வேறொன்று: வயலை எவ்வளவு வரை காயவிடலாம் என்னும் எல்லைக்கான சொல். பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம், துளையிட்ட குழாயொன்றை வயலில் புதைத்து, அதனுள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மீண்டும் 5 செ.மீ. உயரத்துக்கு நீர் கட்டச் சொல்கிறது. பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. அந்த 15 செ.மீ. அளவு வரை காயவிட்டால் விளைச்சல் குறைவதில்லை. இதற்கு மேல் காய்ந்தால் பயிர் வாடக்கூடும். மேலும், நனைந்தும் காய்ந்தும் வரும் மண்ணில், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 273 மடங்கு வெப்பமூட்டும் நைட்ரசு ஆக்சைடு கூடுதலாக எழுவதால், தழைச்சத்து (நைட்ரசன்) இடுவதிலும் கவனம் வேண்டும். காயவிடுவதன் அந்த 15 செ.மீ. எல்லைக்கு ‘காய்ச்சல் வரம்பு’ என்று முன்மொழியப்பட்டுள்ளது. வயலில் வரம்பு என்றால் வரப்பு என்றும் பொருள்படும் என்பதால் நான் ‘காய்ச்சல் பதம்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். பாகுக்குப் பதம் பார்ப்பவர்களுக்கும் உழவுக்குப் பதம் பார்ப்பவர்களுக்கும் இது விளக்கமின்றியே புரியும். குழாய்க்கு ‘வயல்நீர்க் குழாய்’ என்பதே போதும்.

மடகாசுகரிலிருந்து வந்த நெல் சாகுபடி முறைக்குச் ‘செம்மை நெல் சாகுபடி’, ‘திருந்திய நெல் சாகுபடி’, ‘இராசராசன் 1000’ என்று நாம் பெயர் மேல் பெயர் சூட்டினோம். ‘ஒற்றை நாற்று நடவு’ என்று சொன்னபோதுதான் என்ன செய்ய வேண்டும் என்பது பெயரிலேயே விளங்கியது. அந்த அனுபவத்தை மனத்தில் கொண்டே இவ்வளவும் எழுதினேன்.

எனவே காய்ச்சல் பாய்ச்சல், இடைக்காய்ச்சல், காய்ச்சல் பதம் ஆகிய மூன்றையும் தனித்தனிப் பதிவுகளாகச் சேர்க்க வேண்டுகிறேன். ஏரிப்பாசன ஊர்களிலும் ஈழத்துக் குளத்துப்பாசன ஊர்களிலும் வயலைக் காயவிடுவதற்கு வேறு சொல் வழங்கினால், பட்டியலை முடிவு செய்யும் முன் அருள்கூர்ந்து தெரிவியுங்கள்.

அன்புடன்.